கொக்கிப் பல் யாருடையது?

மொராக்கோவின் தென்கிழக்கில், அல்ஜீரிய எல்லையை ஒட்டி நீளும் மேட்டுநிலச் சரிவுகளில் சின்னச் சின்னச் சுரங்கங்கள் வாய் திறந்து நிற்கின்றன. ஆள் குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளூர்க்காரர்கள் கைக்கருவிகளால் குடைந்தவை அவை. அங்கே மணற்பாறையிலிருந்து அவர்கள் பெயர்த்தெடுப்பவை, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய பெரிய ஆறுகளில் புதைந்துபோன எலும்புகளும் பற்களும்.

கெம் கெம் என்று அழைக்கப்படும் இந்தப் பாறை அடுக்கு ஸ்பைனோசாரஸ் டைனோசாரால் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கே தோண்டுகிறவர்களின் கையில் அடிக்கடி சிக்கும் பொருள்களில் ஒன்று வேறொரு விலங்குடையது. சில சென்டிமீட்டர் நீளமுள்ள முள் அது. பக்கவாட்டில் சற்றுத் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் பார்த்து ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில் முள்ளில் மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் உடனே பிடிபடும். அடியில் அகன்ற வேர்ப்பகுதி, நெடுக வரிவரியாக.

தொல்லுயிர்ச் சந்தையில் இதை 'ரம்ப மீன் பல்' என்று விற்கிறார்கள். இந்தப் பெயர் இரண்டு இடங்களில் இடறுகிறது. இது வாயிலிருந்த பல்லும் அன்று. இன்று கடலில் நீந்தும் ரம்ப மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. அப்படியானால் யாருடையது? இந்தக் கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை கிடைக்க நூறாண்டுக்கும் மேலாகியிருக்கிறது.

சுறா, திருக்கை இனங்களுக்கு எலும்பு கிடையாது. உடல் முழுவதையும் தாங்குவது குருத்தெலும்பு. சுண்ணாம்புச் சத்து படிந்த சிறு துணுக்குகள் அதன் மேற்பரப்பில் ஓடுபோல ஒட்டியிருந்தாலும், மீன் செத்த சில காலத்திலேயே எல்லாம் பிரிந்து சிதறிவிடும். எஞ்சுவது பல், செதில், முள், எப்போதாவது ஒரு முள்ளெலும்பு. ஆகவே அழிந்துபோன சுறாக்களையும் திருக்கைகளையும் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பற்களை வைத்து அறிந்ததுதான். முழு விலங்கையும் பார்க்காமலே அதற்குப் பெயர் சூட்ட வேண்டிய கட்டாயம் இந்தத் துறையில் உண்டு. இனங்களின் கணக்கு சில சமயம் ஏறிப்போவதற்கும், பிறகு சரிந்து இறங்குவதற்கும் அதுவே காரணம்.

ரம்ப மூக்கு உள்ள மீன்களில் சிக்கல் இரட்டிப்பாகிறது. அவற்றிடம் இரண்டு வகைப் 'பற்கள்' இருக்கின்றன. ஒன்று, வாய்க்குள் வரிசையாகப் பாவியிருக்கும் மிகச் சிறிய பற்கள். பெரும்பாலானவை சில மில்லிமீட்டரைத் தாண்டாது. மற்றொன்று, நீண்ட மூக்கின் இரு ஓரங்களிலும் நிற்கும் ரம்பப் பற்கள். இரண்டாவது வகையின் பூர்விகம் தோல். சுறாவின் தோலைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறதே, அந்தச் சொரசொரப்பைத் தரும் நுண்செதில்களின் வளர்ந்த வடிவம்தான் ரம்பப் பல் என்பது நெடுநாளையக் கருத்து. பாறையில் இரண்டும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. பெரிய ரம்பப் பல்லைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிவிடலாம். வாய்ப் பல் வேண்டுமென்றால் மண்ணைக் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசி, எஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் தேட வேண்டும். ஒரே மீனின் இரு வகைப் பற்களும் இரண்டு வெவ்வேறு பெயர்களில் அருங்காட்சியகப் பெட்டிகளுக்குள் போய்விடுவது இதனால் எளிதில் நடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள மீன் வேண்டும். இன்று உலகில் ஐந்து வகை ரம்ப மீன்கள் இருக்கின்றன. நான்கு பிரிஸ்டிஸ் பேரினத்தவை, ஒன்று அனாக்சிபிரிஸ்டிஸ். தமிழ்நாட்டு மீனவர்கள் வேளா என்று அழைப்பது இவற்றைத்தான். பட்டினப்பாலையில் பரதவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபடும் காட்சி வருகிறது. அந்தக் கொம்பு வேளாவின் ரம்பமாகவே இருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. அவ்வளவு பழக்கமாக இருந்த இந்த மீன் இன்று நம் கரையில் அகப்படுவதே அரிது. 2001-ல் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ரம்ப மீன்களைச் சேர்த்தது. வலையில் எளிதில் சிக்கிக்கொள்ளும் ரம்பமே இவற்றின் அழிவுக்கு முதல் காரணம்.

உயிருள்ள ரம்ப மீனின் பல் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அது மூக்கின் குருத்தெலும்பில் உள்ள ஆழமான குழிக்குள் ஊன்றி நிற்கிறது. நுனி தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. வேரோடு பிடுங்கப்பட்டால் அந்த இடத்தில் புதுப் பல் முளைப்பதில்லை. தாய் வயிற்றிலேயே பற்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பிறக்கும்போது தாயைக் காயப்படுத்தாதிருக்க, குட்டியின் ரம்பத்தைச் சவ்வு உறை ஒன்று மூடியிருக்கும். இந்த எண்ணிக்கை வயதுக்கேற்ப மாறாது என்பதால், அறுத்துச் சுவரில் மாட்டிய ரம்பத்தை வைத்தே பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிட முடிகிறது. பிரிஸ்டிஸ் பற்களின் பின்விளிம்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அனாக்சிபிரிஸ்டிஸ் பற்கள் தட்டையான முக்கோணக் கத்தி போன்றவை. ரம்பத்தின் அடிப்பகுதியில் ஏறக்குறைய கால்வாசி நீளத்துக்குப் பல்லே இராது.

இத்தனை அடையாளங்கள் இருந்தும், உயிருள்ள மீன்களிலேயே ஆய்வாளர்கள் தடுமாறியிருக்கிறார்கள். பெரும்பல் ரம்ப மீனை இடத்துக்கு ஏற்பப் பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ், பிரிஸ்டிஸ் மைக்ரோடான், பிரிஸ்டிஸ் பெரோட்டெட்டி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தனர். மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, மூன்றும் ஒன்றே என்று காட்டியது. உடல், இரத்தம், மரபணு எல்லாம் கையில் இருக்கும்போதே நிலைமை இது. ஒற்றை முள்ளை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இனி கெம் கெம் முள்ளுக்குத் திரும்பலாம். முதலில் பார்க்க வேண்டியது நுனியில் கண்ணைக் கவரும் கொக்கியை விட, அடியில் இருக்கும் வேரை. குழிக்குள் ஊன்றி வளர்ந்த பல்லானால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தொடர வேண்டும். இதில் அப்படி இல்லை. மேலே பளபளப்பான முடி, கீழே அகன்று பருத்த வேர், நடுவே தெளிவான எல்லை. இந்த வேர் மூக்கின் ஓரத்தில் நாரிழைகளால் கட்டப்பட்டு நின்றதே தவிர, குழிக்குள் இறங்கவில்லை. முடியின் பளபளப்பும் ஒரு சாட்சி. பல்லின் எனாமலை ஒத்த கடினப் பூச்சு அது. இன்றைய ரம்ப மீனின் வளர்ந்த ரம்பப் பல்லில் அத்தகைய முடி கிடையாது. தேய்ந்து தேய்ந்து வளரும் பல்லுக்கு அது நிலைக்காது.

ஆக, இந்தக் கொக்கிப் பல் வளர்ந்துகொண்டே இருந்த பல் அன்று. குறிப்பிட்ட அளவுக்கு வளர்ந்து, நின்று, விழுந்து, அந்த இடத்தில் புதிது முளைத்திருக்க வேண்டும். அதற்கு நேரடி ஆதாரம் லெபனானில் கிடைத்தது. அங்குள்ள சுண்ணாம்புக் கற்களில், உடலின் வெளிக்கோடு முதல் வால்வரை முழுதாகப் பதிந்த மீன்கள் உள்ளன. சாஹெல் அல்மா என்ற இடத்தில் கிடைத்த, கொக்கிப் பல் மீனின் உறவான ரம்ப மூக்கு மீன் ஒன்றுக்கு ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் 1889-ல் ஸ்கிளீரோரிங்கஸ் அடாவஸ் என்று பெயரிட்டார். அந்த இனத்தின் இளம் மீன் ஒன்றை இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஊடுகதிர்ப் படமெடுத்து 2015-ல் விவரித்தனர். ரம்பத்தின் ஓரத்தில் பெரிய பற்களுக்கு இடையே சிறிய பற்கள் வளர்ந்துகொண்டிருந்தன. இடம் காலியானபோது புதுப் பல் நிமிர்ந்திருக்கிறது. வாய்ப் பல்லையும் ரம்பப் பல்லையும் ஒரே உடலில் பார்த்து இணைக்க முடிந்ததும் லெபனான் மீன்களால்தான்.

ஸ்கிளீரோரிங்கஸைத் தலைவனாகக் கொண்ட இந்தக் கூட்டம் கிரெட்டேசியஸ் காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு அதுவும் முடிந்துபோனது. இன்றைய ரம்ப மீன் குடும்பம் அதற்குப் பிறகுதான், ஈயோசீன் காலப் பாறைகளில், தெளிவாகத் தலைகாட்டுகிறது. இடையில் வம்சத் தொடர்ச்சி இல்லை. உழுவை மீன்களின் உறவுக்காரர்களான இன்றைய ரம்ப மீன்கள் தாங்களாகவே ரம்பத்தை வளர்த்துக்கொண்டன. இவர்களைத் தவிர ரம்பச் சுறா என்ற மூன்றாவது கூட்டமும் உண்டு. ஒரே கருவியை இயற்கை மூன்று முறை தனித்தனியாக வடித்திருக்கிறது. அதனால்தான் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி இனம் சொல்வது ஆபத்து.

கொக்கிப் பல்லுக்கு முதலில் பெயர் வைத்தவர் பிரெஞ்சு நிலவியலாளர் எமில் ஹோக். ஃபூரோ, லாமி இருவரும் நடத்திய சஹாரா பயணத்தில் அல்ஜீரியாவில் சேகரித்தவற்றை ஆராய்ந்து, 1905-ல் ஜைகான்டிக்திஸ் நுமிடஸ் என்று எழுதினார். நுமிடியா என்பது வட ஆப்பிரிக்காவின் பழைய அரசு ஒன்றின் பெயர்.

சில ஆண்டுகளுக்குப் பின் எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஷ்ட்ரோமர் வேலை தொடங்கினார். 1910-11-ல் அவரும், பின்னர் அவருக்காக ரிச்சர்ட் மார்க்கிராஃபும் அங்கே தோண்டினார்கள். ஸ்பைனோசாரஸை உலகுக்கு அறிமுகப்படுத்தியது அந்தத் தோண்டல்தான். அங்கே கிடைத்தவற்றுள் ரம்பமும் இருந்தது. தனி முள்ளை மட்டும் பார்த்திருந்த ஹோக்குக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அதைக் கொண்டு ஷ்ட்ரோமர் 1917-ல் ஓங்கோபிரிஸ்டிஸ் என்ற புதுப் பேரினத்தை நிறுவி, ஹோக்கின் இனத்தை அதற்குள் கொண்டுவந்தார். பேரினம் நிலைத்தது. ஆனால் அதை அவர் இன்றைய ரம்ப மீன் குடும்பத்தில் வைத்தார். அந்தப் பகுதி நிலைக்கவில்லை. 1944 ஏப்ரலில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் ஸ்பைனோசாரஸ் உள்ளிட்ட அவருடைய பஹாரியா சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. தொல்லுயிரியலில் ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கக் காரணமான மாதிரியே ஒப்பீட்டுக்கு அடிப்படை. அது எரிந்துபோனால் அச்சில் உள்ள படமும் விவரணையும்தான் மிச்சம்.

அதே பஹாரியாவிலிருந்து இன்னொரு பெயரும் வந்தது. 1935-ல் வில்ஹெல்ம் வைலர் அங்கே கிடைத்த விசித்திரமான முட்களுக்குப் பெயேரியா லிபிகா என்று பெயரிட்டு, அவையும் ரம்பப் பற்களே என்றார். பிற்கால ஆய்வாளர்கள் அவற்றை ஓங்கோபிரிஸ்டிஸின் உடலில், தோல்மேல் இருந்த பெரிய முட்களாகக் கருதுகிறார்கள். இது சரியானால், ஒரே மீன் இரண்டு பெயர்களில் பாறையிலிருந்து எழுந்து வந்திருக்கிறது.

இந்தக் கதையில் அதிகம் கற்றுத் தருவது கொக்கிகளின் எண்ணிக்கை பற்றிய விவகாரம்தான். வட ஆப்பிரிக்கப் பல்லில் வழக்கமாக ஒரே ஒரு கொக்கி. அமெரிக்காவின் டெக்சாஸில் கிடைத்த பற்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கொக்கிகள் இருந்தன. 1962-ல் அவற்றுக்கு ஓங்கோபிரிஸ்டிஸ் டங்க்ளி என்ற தனி இனப்பெயர் சூட்டினார்கள். ஒரு கொக்கியா, நுமிடஸ். பல கொக்கிகளா, டங்க்ளி. எளிமையான, எவரும் பயன்படுத்தக்கூடிய விதி. உலகின் மறுகோடியான நியூசிலாந்தில் பல கொக்கிப் பற்கள் கிடைத்தபோது, 1977-ல் இயன் கீய்ஸ் இந்த விதியின்படியே அவற்றையும் ஓங்கோபிரிஸ்டிஸில் சேர்த்தார். வட கோளத்து மீன் ஒன்று தென்கோடிக் கடல்வரை எப்படிப் போனது என்ற கேள்வி கூடவே முளைத்தது.

2012-ல் டேவிட் மார்ட்டிலும் நிஸார் இப்ராஹிமும் கெம் கெம்மிலிருந்து வந்த சில அசாதாரணமான பற்களை விவரித்தார்கள். அவை எல்லா வகையிலும் நுமிடஸ் பற்களே; கொக்கிகள் மட்டும் ஒன்றுக்கு மேல். வேறு இனம் என்று சொல்ல வேறெந்தக் காரணமும் இல்லை. ஆக, ஒரே இனத்துக்குள் கொக்கி எண்ணிக்கை மாறக்கூடும். ஐம்பது ஆண்டு காலம் பிரிவினைக் கோடாக நின்ற அடையாளம் இப்படி வலுவிழந்தது.

இங்கே பலர் செய்யக்கூடிய காரியம், எல்லாவற்றையும் ஒரே இனம் என்று மொத்தமாகச் சேர்த்துவிடுவது. அவர்கள் அதைச் செய்யவில்லை. கொக்கியை ஒதுக்கிவிட்டு நியூசிலாந்துப் பற்களின் மொத்த உருவமைப்பைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது அவை ஓங்கோபிரிஸ்டிஸிடமிருந்து விலகி நின்றன. காலமும் ஒத்துவரவில்லை, கெம் கெம்முக்கும் நியூசிலாந்துப் பாறைகளுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி. அதனால் நியூசிலாந்துப் பற்களைத் தனிப் பேரினமாக்கி, ஆஸ்ட்ரலோபிரிஸ்டிஸ் விஃபெனி என்று பெயரிட்டார்கள். ஒரே அடையாளத்தை நம்பாமல் இருந்ததன் பலன், ஓரிடத்தில் இனத்தைப் பிரிக்காமல் விட்டதும் இன்னோரிடத்தில் பேரினத்தையே பிரித்ததும். இந்த இரண்டும் ஒரே கட்டுரையில் நடந்தன.

விஃபெனி என்ற பெயர் ஜோன் விஃபெனைக் குறிக்கிறது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகிக்காத அவர், ஹாக்ஸ் பே பகுதியின் மங்காஹுவாங்கா ஓடையில் தம் குழுவுடன் ஆண்டுக்கணக்கில் பாறைகளை உடைத்துத் தேடியவர். நியூசிலாந்தில் டைனோசாரே இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்த நாளில், 1975-ல் அங்கே டைனோசாரின் வால் முள்ளெலும்பைக் கண்டெடுத்தார். 2009-ல் காலமான அவருக்கு ஓர் ஆதி மீனின் பெயரில் இடம் கிடைத்தது மனதுக்கு நிறைவான செய்தி.

பல்லின் வெளிவடிவம் தடுமாற வைக்கும்போது அதன் உள்ளமைப்பு கைகொடுக்கிறது. அமெரிக்கக் கிரெட்டேசியஸ் பாறைகளில் பரவலாகக் கிடைக்கும் இஸ்கிரைசா மைரா என்ற மற்றொரு ரம்ப மூக்கு மீனுக்கு ஜோசப் லைடி 1856-லேயே பெயரிட்டிருந்தார். அதன் ரம்பப் பற்களை டாட் குக்கும் அவருடைய மாணவர்களும் அறுத்து, மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மேற்பூச்சில் படிகங்கள் கற்றை கற்றையாக ஒழுங்குபட்டிருந்தன. தோல் செதிலில் இருப்பதைவிடச் சிக்கலான இந்த ஒழுங்கு, இன்றைய சுறாவின் வாய்ப் பல்லில் காணப்படுவதை ஒத்திருந்தது. செதிலில் தொடங்கிய உறுப்பு, வேலைப்பளு ஏற ஏற, பல்லுக்கு உரிய உறுதியைத் தானே தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த வேலை என்ன? உயிருள்ள ரம்ப மீனை நீர்த்தொட்டியில் வைத்துக் கவனித்த பார்பரா வூரிங்கரின் குழு 2012-ல் ஒரு விளக்கம் தந்தது. ரம்பம் நெடுக மின்புலத்தை உணரும் நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. கலங்கிய நீரில் இரையை அதனாலேயே அறிந்து, பக்கவாட்டில் ஒரே வீச்சில் அடித்து வீழ்த்துகிறது மீன். ஓங்கோபிரிஸ்டிஸ் எந்த முறையில் வேட்டையாடியது என்பதை இதிலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாது. அதன் பல்லில் கொக்கி இருக்கிறது, இன்றைய மீனின் பல்லில் இல்லை.

அந்த மீனை வேட்டையாடியது யார் என்பது ஓரளவு தெரியும். மிலான் அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பைனோசாரஸ் மேல்தாடையின் பல்குழி ஒன்றில் ஒரு மீனின் முள்ளெலும்பு செருகிக் கிடப்பதை 2005-ல் கிறிஸ்தியானோ தால் சாஸ்ஸோவின் குழு விவரித்தது. அது ஓங்கோபிரிஸ்டிஸாக இருக்கலாம் என்று அவர்கள் எச்சரிக்கையோடு எழுதினார்கள்.

கடைசியில் பல்லைத் தாண்டிய சாட்சியும் கிடைத்தது. மொராக்கோவில் கிடைத்த ஓங்கோபிரிஸ்டிஸின் எலும்புக்கூட்டுப் பகுதிகளை எட்வார்டோ வில்லலோபோஸ்-செகுராவும் சார்லி அண்டர்வுட் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2021-ல் வெளியிட்டனர். ரம்பத்தோடு உடலின் வேறு குருத்தெலும்புப் பகுதிகளும் அவற்றில் இருந்தன. அவற்றை மற்றத் திருக்கைகளோடு ஒப்பிட்டபோது, ஓங்கோபிரிஸ்டிஸும் அதன் கூட்டமும் ஸ்கேட் எனப்படும் திருக்கை வரிசைக்கு நெருங்கிய உறவு என்ற முடிவு வந்தது. வேர் எப்போதோ சொன்னதை உடலும் உறுதிப்படுத்தியது. ரம்பம் ஒன்றாக இருந்தும் வேளாவுக்கும் இதற்கும் உறவு தூரம்தான்.

இன்னும் செய்ய வேண்டியதில் முக்கியமானது ஒரே மீனின் ரம்பத்தில் பற்கள் எவ்வளவு வேறுபடும் என்று அளப்பது. நுனியருகே உள்ள பல்லும் அடியருகே உள்ள பல்லும் ஒரே மாதிரி இருந்தனவா? குட்டியின் கொக்கியும் முதிர்ந்த மீனின் கொக்கியும்? இரட்டைக் கொக்கிப் பல் ரம்பத்தின் எந்த இடத்தில் நின்றது? பற்கள் தம் இடத்திலேயே நிற்கும் ரம்பங்கள் கிடைத்தால்தான் இதற்கு விடை உண்டு. அத்தகைய ரம்பங்கள் மிகக் குறைவு. ஆனால் சந்தையில் முழு ரம்பங்கள் பல விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெவ்வேறு சுரங்கங்களில், வெவ்வேறு மீன்களிலிருந்து வந்த உதிரிப் பற்களைப் பசையும் மணலும் கொண்டு ஒட்டிச் செய்தவை. ஒவ்வொரு பல்லும் உண்மையானது. வரிசை மட்டும் பொய். அதனால் கெம் கெம் ரம்பம் ஒன்று ஆய்வகத்துக்கு வந்தால் முதல் வேலை, ஊடுகதிர்ப் படமெடுத்து, பல்லின் வேர் பாறையில் இயல்பாகப் புதைந்திருக்கிறதா, பசையில் நிற்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் கொக்கிகளை எண்ணத் தொடங்குகிறார்கள்.